கை மாற்ற ஆளில்லை: கண்டியில் விசேட தேவையுள்ள பிள்ளைகளின் வீடுகள்

கண்டி மாவட்டத்தில் விசேட தேவையுள்ள பிள்ளையொன்றின் தாய்க்கு அரசாங்கத்திடமிருந்து சில விடயங்கள் கிடைக்கும். குடும்பம் வறியதென்று ஏற்றுக்கொள்ளப்பட்டால் மாதக் கொடுப்பனவு. விண்ணப்பம் கொடுத்துக் காத்திருந்தால் சக்கர நாற்காலி. பேராதனைச் சிறுவர் வைத்தியசாலையில் காசில்லாமல் சிகிச்சை. வாய்த்தால், பக்கத்துப் பாடசாலையின் விசேட கல்விப் பிரிவில் ஓர் இடம். கிடைக்காதது ஒரு பிற்பகல். பிள்ளையை நம்பிக்கையான ஒருவரிடம் நாலு மணித்தியாலம் விட்டுவிட்டு, மாதக்கணக்காகத் தள்ளிப்போட்ட பல்லைப் பிடுங்கிக்கொள்ள, மூத்த பிள்ளையின் பாடசாலைக் கூட்டத்துக்குப் போக, சாவு வீட்டில் தலைகாட்ட, அதெல்லாம் வேண்டாம், கதவைச் சாத்திக்கொண்டு தூங்க அவளுக்கு வழியில்லை.

அந்தப் பிற்பகலை ஒரு சேவையாக ஒழுங்குசெய்து கொடுப்பதைத்தான் ஓய்வுப் பராமரிப்பு என்கிறார்கள். பயிற்சி பெற்ற இன்னொருவர் சில மணித்தியாலங்களுக்கோ சில நாட்களுக்கோ பிள்ளையைப் பொறுப்பேற்பார். பிறகு பிள்ளை வீட்டுக்குத் திரும்பும். இலங்கை இதைக் கேள்விப்படாத நாடல்ல. இயலாமையுள்ளோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தில் 2007 மார்ச் 30 அன்று கைச்சாத்திட்டு, 2016 பெப்ரவரி 8 அன்று அதை ஏற்றுறுதி செய்திருக்கிறோம். அந்தச் சமவாயத்தின் 28 ஆம் உறுப்புரை, வறுமையில் வாழும் இயலாமையுள்ளோருக்கும் அவர்களது குடும்பங்களுக்கும் அரசு உதவவேண்டிய செலவுகளைச் சொல்லும்போது பயிற்சி, ஆலோசனை, நிதியுதவி ஆகியவற்றோடு ஓய்வுப் பராமரிப்பையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அந்த நாலில் நிதியுதவியை ஓரளவு செய்திருக்கிறோம். கடைசியில் வரும் சொல்லை வாசித்ததாகவே தெரியவில்லை.

இதற்கு நம் சட்டங்களின் பழக்கமும் ஒரு காரணம். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இயலாமையுள்ளோருக்கென ஒரு தேசிய சபையை உண்டாக்கியது. வேலையிலும் கல்வியிலும் பாகுபாடு காட்டக்கூடாது என்றது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் செல்ல வழிசெய்யவேண்டும் என்றது. 2003 இல் தேசியக் கொள்கையொன்றும் வந்தது. எல்லாம் நல்லவை. ஆனால் சட்டத்தின் பார்வை இயலாமையுள்ள தனியாள்மீதே விழுந்திருக்கிறது. அந்த ஆள் ஆறு வயதுப் பிள்ளையாக இருந்து, தானாக உண்ணவோ கழுவவோ முடியாதிருந்தால், அவரது உரிமை முழுவதும் இன்னொருவருடைய உடம்பின் வழியாகத்தான் நடந்தேறும். அந்த இன்னொருவரைக் கணக்கெடுக்க நமக்கு ஏட்டில் ஒரு பத்தி கிடையாது.

பிள்ளைகளையே சரியாகக் கணக்கெடுத்தோமா என்பது வேறு கேள்வி. 2012 குடிசன மதிப்பீட்டில் நாடெங்கும் 16 இலட்சத்துக்கு மேற்பட்டோர், அதாவது 8.7 சதவீதத்தினர், ஏதோவொரு செயற்பாட்டில் சிரமமுள்ளவர்களாகப் பதிவானார்கள். அந்தக் கேள்வி ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம்தான் கேட்கப்பட்டது. ஒரு தாய் அதிகம் அலைவதும் அதிகம் உடைவதும் முதல் ஐந்து வருடங்களில்; நோய் என்னவென்று தெரியாமல் வைத்தியருக்கும் கோயிலுக்கும் பரிகாரிக்கும் நடக்கும் காலம் அது. அந்த வருடங்கள் கணக்குக்கு வெளியே நின்றுவிட்டன.

கொஞ்சம் வெளியே பார்க்கலாம். மேற்கு நாடுகளில் இந்தச் சேவை கருணையில் பிறந்ததல்ல. 1960களிலும் 70களிலும் பெரிய விடுதிகளை மூடி, பிள்ளைகளை வீட்டிலேயே வளர்க்கச் சொன்ன அரசுகளுக்குச் சீக்கிரமே ஒன்று விளங்கியது: விடுதியில் மூன்று பேர் முறைவைத்து மாறி மாறிச் செய்த வேலையை வீட்டில் ஒரே ஆள் செய்கிறாள். பிரித்தானியாவில் 1970களின் நடுவில் லீட்ஸ், சோமர்செட் பகுதிகளில் ஒரு முறை தொடங்கியது. பயிற்சி பெற்ற இன்னொரு குடும்பம் மாதத்தில் ஒரு வார இறுதிக்குப் பிள்ளையைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும். 1982 இல் ஒக்ஸ்போர்ட்டில் திறந்த ஹெலன் ஹவுஸ், சிறுவருக்கான உலகின் முதல் நோய்த் தணிப்பு இல்லம் என்று பெயர் பெற்றது. அதன் தொடக்கம் எளிமையானது. மூளைக் கட்டியால் முற்றாகச் செயலிழந்த ஹெலன் என்ற சிறுமியின் பெற்றோர் இளைப்பாறுவதற்காக, பிரான்சிஸ் டொமினிக்கா என்ற கன்னியாஸ்திரி அவ்வப்போது சிறுமியைத் தன்னிடம் வைத்துப் பார்த்துக்கொண்டார். மற்றப் பெற்றோருக்கும் இது வேண்டுமே என்ற எண்ணத்தில்தான் இல்லம் வந்தது.

அமெரிக்கா 2006 இல் ஓய்வுப் பராமரிப்புக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. இங்கிலாந்தின் 2011 ஒழுங்குவிதிகள்தான் எனக்கு அதிகம் பிடித்தவை. ஓய்வில்லாவிட்டால் பராமரிப்பைக் கைவிட்டுவிடக்கூடியவருக்கு மட்டும் கொடுத்தால் போதாது என்கின்றன அவை. ஓய்வு கிடைத்தால் இன்னும் நன்றாகப் பார்த்துக்கொள்ளக்கூடியவரையும் உள்ளூராட்சி கருத்திற்கொள்ள வேண்டும். அவர் படிக்கப் போகலாம், மற்றப் பிள்ளைகளைக் கவனிக்கலாம், பொழுதுபோக்கலாம், வீட்டு வேலையை முடிக்கலாம். நம் ஊரில் ஒரு தாய் உதவி கேட்கவேண்டுமென்றால் முதலில் விழுந்து கிடக்கவேண்டும். விழாதவள் சமாளிக்கிறாள் என்று முடிவுகட்டி விடுவோம்.

இனி கண்டி. வைத்திய வசதியைப் பொறுத்தவரை கண்டி பாவப்பட்ட ஊரல்ல. பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. மத்திய மாகாணத்துக்கு மட்டுமல்ல, ஊவாவிலிருந்தும் வடமத்தியிலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். திகனையில் புனர்வாழ்வு வைத்தியசாலை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இயன்மருத்துவம் கற்பிக்கும் பீடம். நகரத்தில் புளூ ரோஸ் போன்ற விசேட பாடசாலைகள். மலையேறி நுவரெலியாவுக்குப் போனால், 1988 இலிருந்து தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளையும் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளையும் ஒன்றாகச் சேர்த்து வேலைசெய்யும் மென்கஃபெப். ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு இணைந்த அயதி மையம் அண்மைய வருடங்களில் வந்தது. இவையெல்லாம் பிள்ளைக்குச் சிகிச்சையோ பாடமோ தொழிற்பயிற்சியோ கொடுக்கின்றன. தாய்க்கு ஓய்வு கிடைப்பது இவற்றின் பக்கவிளைவு, அதுவும் அரைகுறையாக. பல இடங்களில் தாயும் கூடவே உட்கார்ந்திருக்கவேண்டும். சிகிச்சை நாள் என்பது அவளுக்கு லீவு நாளல்ல. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறும் நாள்.

பாடசாலையைத்தான் உண்மையான ஓய்வுச் சேவை என்று சொல்லவேண்டும். யாரும் அந்தப் பெயரில் நடத்தவில்லை என்றாலும். விசேட பிரிவுக்குப் போகும் பிள்ளையின் தாய்க்குக் காலையில் சில மணித்தியாலங்கள் விடுபடுகின்றன. அது எவ்வளவு மெல்லிய இழை என்பது 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது தெரிந்தது. 2022 இல் எரிபொருள் இல்லாமல் மறுபடி மூடியபோது இரண்டாம் முறை தெரிந்தது. ஓட்டிசமுள்ள பிள்ளைக்கு நாளின் ஒழுங்கு குலைவதே பெரிய வேதனை. அதற்குமேல் மணித்தியாலக்கணக்கில் மின்வெட்டு. மற்றப் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பாடம் படித்தார்கள் என்று அந்தக் காலத்தைப் பற்றி எழுதுகிறோம். இந்த வீடுகளில் நடந்ததை எழுதியவர்கள் மிகக் குறைவு.

பதினெட்டு வயதோடு இந்த இழையும் அறுந்துவிடும். தாய்க்கு அப்போது நாற்பதோ ஐம்பதோ ஆகியிருக்கும், முதுகு போயிருக்கும், பிள்ளை அவளைவிடப் பாரமாயிருப்பான். தேவை கூடும் வயதில்தான் சேவை முடிகிறது.

தோட்டத்துக் கணக்கு வேறு. கலஹாவிலோ தெல்தோட்டையிலோ புசல்லாவையிலோ ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்கூலி 1,350 ரூபாயாக இருந்தது. கொழுந்து நிறை சேராவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் கூலிதான் விழும். அந்தக் கூலியில் மாதத்தில் 25 நாள் முழுப்பேர் போட்டால் 33,750 ரூபாய், சேமலாப நிதி கழியமுன். பிள்ளைக்கு மூளை முடக்குவாதம் என்றால் அவள் மலைக்குப் போகமுடியாது. 2024 இல் 7,500 ரூபாயாக இருந்த இயலாமைக் கொடுப்பனவு 2025 ஏப்ரலிலிருந்து 10,000 ரூபாயாகக் கூடியது. கூட்டியது நியாயம்தான். ஆனால் அந்தக் கூலிக்குப் பத்தாயிரம் என்பது அவளுக்கு ஏழு நாள் பேர். மிச்சப் பதினெட்டு நாளும் அவள் கையிலிருந்து போகிறது. அந்த இழப்பைக் கொடுப்பனவைக் கூட்டியே நிரப்பலாமென்றால் எந்தத் திறைசேரிக்கும் கட்டாது. வாரத்தில் நாலு நாள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளிருந்தால் அதில் பெரும்பகுதியை அவளே உழைத்துக்கொள்வாள்.

இந்த இடத்தில் ஒரு பதில் எப்போதும் வரும்: நம்மிடம் குடும்பம் இருக்கிறது, பாட்டி பார்த்துக்கொள்வாள், அத்தை பார்த்துக்கொள்வாள், வெள்ளைக்காரனுக்குத்தான் இதற்கெல்லாம் நிறுவனம் வேண்டும். இந்தப் பதிலை முழுதாகத் தள்ளிவிடக்கூடாது. இன்றுவரை இந்தப் பிள்ளைகள் உயிரோடிருப்பது பாட்டிமாரால்தான். ஆனால் பாட்டி யாரென்று பார்க்கவேண்டும். முப்பது நாற்பது வருடம் மலையில் நடந்து, முழங்கால் தேய்ந்து, சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் டிஸ்பென்சரியில் குளிசை வாங்குபவள் அவள். மகள் மத்திய கிழக்குக்கோ கொழும்பிலே வீட்டுவேலைக்கோ போயிருந்தால் பேரப்பிள்ளைகள் முழுவதும் அவள் தலையில்தான். பன்னிரண்டு வயதுப் பையனை எழுப்பிக் கழுவிவிட அவளால் முடியாது. ஆகவே வேலை அடுத்த ஆளுக்கு இறங்கும். அது அநேகமாக மூத்த பெண்பிள்ளை. முதலில் வெள்ளிக்கிழமை மட்டும் பாடசாலைக்குப் போகமாட்டாள். பிறகு பரீட்சை மட்டும் எழுதுவாள். சாதாரண தரத்தோடு நின்றுவிடுவாள். வீட்டில் இருந்த ஒரு இயலாமை இரண்டு பிள்ளைகளின் படிப்பைத் தின்ற கதை இது. எந்தப் புள்ளிவிபரத்திலும் அவள் இடைவிலகியவள் என்றுதான் பதிவாவாள். ஏன் விலகினாள் என்ற கட்டம் படிவத்தில் இல்லை.

உறவினர் இருந்தும் கேட்கமாட்டாத வீடுகளும் உண்டு. போன ஜென்மத்துப் பாவம், கர்ப்பத்தில் கிரகணம் பார்த்தாள், கண்ணூறு என்று எல்லாக் காரணமும் தாயின் மேல்தான் வந்து விழும். இப்படிப் பேசும் மாமியாரிடம் பிள்ளையை விட்டுவிட்டுப் போக எந்தப் பெண் துணிவாள்? நகரத்தில் நிலைமை கொஞ்சம் மாறும். கட்டுகஸ்தோட்டையிலோ அஸ்கிரியவிலோ வசதியான வீடென்றால் சம்பளத்துக்கு ஆள் பிடிக்கலாம். மஹியாவயில் மாநகரசபைத் தொழிலாளர் குடியிருப்பில் அது நடக்காது. வசதியுள்ளவர்களுக்கும் பயிற்சி பெற்ற ஆள் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். வலிப்பு வந்தால் என்ன செய்வது, குழாய் வழியாக எப்படி உணவு கொடுப்பது என்று தெரிந்தவர் யார்?

ஆட்கள் இல்லையா? இருக்கிறார்கள். பராமரிப்பாளர் வேலைக்கான தேசிய தொழிற்தகைமைச் (என்விகியூ) சான்றிதழ்ப் பயிற்சி நாடெங்கும் நடக்கிறது. அதை முடித்தவர்கள் இஸ்ரேலுக்குப் போகிறார்கள். ஜப்பான் மொழி படித்து அங்கே முதியோரைப் பராமரிக்கவும் போகிறார்கள். போகிறவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே அவர்களுக்கு ஒரு பதவியும் இல்லை, சம்பள அளவும் இல்லை. ஆனால் வெளிநாட்டு வீட்டுக்குப் பராமரிப்பாளரைத் தயார்செய்யத் தெரிந்த ஒரு நாடு, ஹந்தானைத் தோட்டத்து வீட்டுக்கு அதே ஆளை அனுப்பத் தெரியாமலிருப்பது வசதியின்மையால் மட்டும் வந்ததல்ல. எது வேலை, எது பெண்ணின் கடமை என்று நாம் பிரித்துவைத்திருக்கும் முறையால் வந்தது.

இடைவழி இல்லாதபோது குடும்பங்களுக்கு மிஞ்சுவது இரண்டே வழி: இருபத்துநாலு மணித்தியாலமும் வீடு, அல்லது நிரந்தரமாக ஓர் இல்லம். இலங்கையில் சிறுவர் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடிருக்கிறார். பிள்ளையை வெறுத்து யாரும் அங்கே கொண்டுபோய் விடுவதில்லை. தாய்க்கு ஒப்பரேஷன், தகப்பன் விட்டுவிட்டுப் போய்விட்டான், பாட்டி செத்துப்போனாள். ஒரு மாதத்துக்கு ஆள் கிடைத்திருந்தால் தாண்டியிருக்கக்கூடிய நெருக்கடிக்குப் பதினைந்து வருடத் தீர்வு எடுக்கப்படுகிறது. பிள்ளைகளின் மாற்றுப் பராமரிப்புப் பற்றி ஐக்கிய நாடுகள் சபை 2009 இல் ஏற்றுக்கொண்ட வழிகாட்டல்களும், குடும்பத்திலிருந்து பிரிப்பதைக் கடைசி வழியாகத்தான் வைக்கின்றன. அதற்கு முன்னால் குடும்பத்தைத் தாங்கும் சேவைகள் இருக்கவேண்டும் என்கின்றன. முதற்படிகளைக் கட்டாமல் கடைசிப்படியை மட்டும் திறந்துவைத்திருக்கிறோம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஓய்வுப் பராமரிப்பை ஆதரிப்பவர்கள் பெரும்பாலும் அதைப் பேசமாட்டார்கள். தாய்மார் பிள்ளையை ஒப்படைக்கத் தயங்குவதற்கு முதற்காரணம் பாசமல்ல, பயம். பேசமுடியாத பிள்ளைக்கு என்ன நடந்தாலும் அது வந்து சொல்லாது. பெண்பிள்ளை பெரியவளாகிவிட்டால் அந்தப் பயம் இரட்டிப்பாகும். 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உண்டான சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை இருக்கிறது, 1929 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. ஆனால் முறைப்பாடு செய்யச் சொற்கள் வேண்டும். எனவே எந்த ஏற்பாடு வந்தாலும் சில விதிகளில் விட்டுக்கொடுக்கக்கூடாது. பிள்ளையோடு எந்நேரமும் இரண்டு பேர் இருக்கவேண்டும். பெண்பிள்ளையைக் கழுவ, உடை மாற்றப் பெண்ணே வேண்டும். பெற்றோர் சொல்லாமல் கொள்ளாமல் எந்நேரமும் உள்ளே வரலாம். வேலைக்கு எடுக்குமுன் பொலிஸ் விசாரணை. இன்னொரு ஆபத்து, இரண்டு வாரம் என்று விட்ட பிள்ளை இரண்டு வருடம் அங்கேயே தங்கிப்போவது. குறுகிய காலப் படுக்கைக்கும் நிரந்தரப் படுக்கைக்கும் ஒரே கூரை இருக்கக்கூடாது என்பது என் எண்ணம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? ஓய்வு கிடைத்த காலத்தில் தாய்மாரின் மனஅழுத்தம் குறைகிறது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. நிறுத்தியபின் அந்த நன்மை எவ்வளவு காலம் நிற்கிறது என்பதற்கான சான்று பலவீனமானது. அமெரிக்காவில் ஓட்டிசமுள்ள பிள்ளைகளை வளர்க்கும் 101 தம்பதியரிடம் நடத்தி 2013 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஓய்வு மணித்தியாலங்கள் கூடிய வீடுகளில் கணவன் மனைவி உறவும் நன்றாயிருந்தது. வாரத்துக்குச் சில மணித்தியாலங்களே இந்த வித்தியாசத்தைக் காட்டின. ஆனால் அந்த வீடுகளில் இரண்டு பெற்றோரும் இருந்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. தகப்பன் சாராயத்துக்குப் போன வீட்டில் ஒரு பிற்பகல் அதே வேலையைச் செய்யுமென்று நான் சொல்லமாட்டேன். ஓய்வுப் பராமரிப்பு வறுமையைத் தீர்க்காது, பிள்ளையை நடக்கவைக்காது. அதிகம் எதிர்பார்த்துத் தொடங்கி, பயனில்லை என்று மூடிவிடும் திட்டங்கள் நமக்குப் பழக்கம். ஆகவே இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

இந்தியாவின் அனுபவம் நமக்குப் பக்கத்தில் கிடக்கும் பாடம். ஓட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 1999 இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. பெற்றோர் நெடுங்காலம் எழுப்பிய ஒரே கேள்விக்கு விடையாக வந்த சட்டம் அது: எங்களுக்குப் பிறகு யார்? அந்தக் கேள்வியின் கனத்தில், நாங்கள் இருக்கும்போதே யார் என்ற கேள்வி கொஞ்சம் பின்னுக்குப் போனது. இருந்தும் அறக்கட்டளை ‘சமர்த்’ என்ற பெயரில் ஓய்வுப் பராமரிப்புத் திட்டமொன்றை வகுத்தது, பகல் பராமரிப்புக்கு ‘விகாஸ்’, பராமரிப்பாளர் பயிற்சிக்கு ‘சஹயோகி’ என்று வேறு திட்டங்களும். தாளில் நல்ல வடிவம். ஆனால் சமர்த் தங்கும் இல்லங்களைச் சுற்றிக் கட்டப்பட்டது. இல்லம் நடத்த நிறுவனம் வேண்டும், நிறுவனங்கள் நகரத்தில் இருக்கும். கிராமத்துத் தாய்க்கு ஐம்பது மைல் தள்ளி இருக்கும் கட்டில் ஓய்வல்ல, இன்னொரு பயணம். தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் 1981 இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் எதிர்த்திசையில் யோசித்தது. பிள்ளையை மையத்துக்கு வரச்சொல்வதைவிட, உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றி, கையில் ஒரு செயலியைக் கொடுத்து வீடுகளுக்கு அனுப்புவது. அது சிகிச்சைக்கான ஏற்பாடுதான்; ஆனால் மலையகத்துக்குப் பொருந்தும் எலும்புக்கூடு அதில் இருக்கிறது.

பொருந்தாத ஒன்றையும் சொல்லவேண்டும். வீட்டுக்கே பராமரிப்பாளர் வருவது மேற்கில் பெற்றோர் பலர் விரும்பும் முறை. தோட்டத் தொழிலாளரின் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில் அது நடவாது. வருகிறவர் உட்கார்ந்தால் தாய் எங்கே படுப்பாள்? பக்கத்துக் காம்பராவில் சுவருக்கு அப்பால் எல்லாம் கேட்கும். தோட்டத்தில் ஓய்வென்றால் பிள்ளை வீட்டைவிட்டு, நடந்துபோகும் தூரத்தில் இன்னோர் அறைக்குப் போகவேண்டும்.

அந்த அறை ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரைக்கு நான் வந்து சேரும் இடம். அநேகமாக ஒவ்வொரு தோட்டத்திலும் பிள்ளை மடுவம் உண்டு. பிள்ளைக்காம்பரா என்றும் சொல்வோம். தாளில் அது இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம். தாய் காலையில் கைக்குழந்தையைக் கொண்டுபோய் ஆயாவிடம் கொடுத்துவிட்டு மலைக்குப் போவாள். வேலை முடிந்து வரும்போது வாங்கிக்கொள்வாள். துரைமாருக்குத் தாய்மார்மேல் இரக்கம் பொங்கி இது வந்துவிடவில்லை. பிள்ளையை யாராவது பார்த்துக்கொண்டால்தான் கொழுந்து வரும் என்ற கணக்கில் வந்தது. பரவாயில்லை, கணக்கில் வந்தவை நிலைத்து நிற்கின்றன. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் 1992 இல் அமைந்தபின் இந்த நிலையங்களுக்குக் கட்டடமும் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்களும் ஓரளவு வந்தன. பராமரிப்பை வீட்டுக்கு வெளியே, சம்பளத்துக்கு, தினமும், நடந்துபோகும் தூரத்தில் ஒழுங்குசெய்ய இலங்கையில் யாருக்காவது தெரியுமென்றால் அது தோட்டத்துக்குத்தான். கொழும்பின் பெரிய கம்பனிகள் இப்போதுதான் அலுவலகத்தில் பகல் பராமரிப்பு நிலையம் திறந்து பத்திரிகைக்குப் படம் கொடுக்கின்றன.

மடுவத்தின் கதவு ஐந்து வயதில் மூடுகிறது. சாதாரணப் பிள்ளைக்கு அது நியாயம். அது பாடசாலைக்குப் போய்விடும். பாடசாலை ஏற்காத பிள்ளை எங்கே போகும்? லயத்துக்குத் திரும்பும். அதோடு தாயின் பேரும் செக்ரோல் என்ற தோட்டத்து வரவுப் பதிவேட்டிலிருந்து போய்விடும். பல தோட்டங்களில் மடுவத்துக்கு வரும் பிள்ளைகளின் தொகை முன்புபோல் இல்லை; இளங்குடும்பங்கள் வெளியேறுகின்றன. கட்டடத்தில் இடம் இருக்கிறது. வயதெல்லையை விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்குத் தளர்த்தி, தனியாக ஒரு அறையும் தனியாக ஒரு பயிற்சி பெற்ற ஆளும் கொடுத்தால் வேலை தொடங்கிவிடும். தனி அறை என்பதை அழுத்திச் சொல்கிறேன். வலிப்பும் கோபமும் உள்ள பதினாலு வயதுப் பையனைக் கைக்குழந்தைகளோடு ஒரே ஆயாவிடம் விடுவது இரண்டு பக்கத்துக்கும் அநியாயம். அப்படிச் செய்து ஒரு விபத்து நடந்தால் திட்டமும் அன்றோடு முடிந்துவிடும்.

ஆளுக்கு எங்கே போவது? என்விகியூ பயிற்சி முடித்த பெண்கள் தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். இயன்மருத்துவ மாணவர்கள் பேராதனையிலிருந்து மாதத்தில் ஒரு நாள் வரலாம்; தூக்கும் முறை, ஊட்டும் முறை, வலிப்பின்போது சரித்துப் படுக்கவைக்கும் முறை ஆகியவற்றை ஒரு வாரத்தில் கற்பிக்கலாம். மொழி ஒரு முள். தமிழ் பேசும் பேச்சுச் சிகிச்சையாளர் குறைவு. கண்டி மாவட்டத்துப் பிரதேச செயலகங்கள் பலவற்றில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் தன் பிள்ளையின் நிலையை விளக்க ஒரு தோட்டத்துத் தாய் மொழிபெயர்க்க ஆள் தேடவேண்டும். ஆயா அந்தத் தோட்டத்துக்காரியாக இருந்தால் முள்ளின் பாதி கழன்றுவிடும்.

யார் காசு கொடுப்பது என்பதில் கம்பனியும் அரசும் பந்தை மாறி மாறித் தள்ளும். தோட்டத்துச் சுகாதாரம், தோட்டத்துப் பாதை எல்லாவற்றிலும் பார்த்ததுதான். பாதி நியாயம் இரு பக்கத்திலும் உண்டு. ஒரு தாய் மலைக்குத் திரும்பினால் கம்பனிக்குத் தொழிலாளி கிடைக்கிறாள். ஆள் பற்றாக்குறையைப் பற்றித் தினமும் முறையிடுகிறவர்கள் அதை விளங்கிக்கொள்வார்கள். ஆயாவின் சம்பளத்தை மாகாண சமூக சேவைத் திணைக்களமும், கட்டடத்தைத் தோட்டமும், பயிற்சியை வைத்தியசாலையும் ஏற்றால் எவர் தலையிலும் பெருஞ்சுமை விழாது. நகரத்தில் வேறு வழி: விசேட கல்விப் பிரிவுள்ள பாடசாலையின் வகுப்பறை பிற்பகலில் சும்மா கிடக்கிறது. கோயில் மண்டபம், தேவாலய மண்டபம், பள்ளிவாசல் அறை வார நாட்களில் பூட்டியிருக்கிறது. அன்னதானத்துக்கு உபயகாரர் தேடத் தெரிந்த அறங்காவலர் சபைகளுக்கு, ஒரு பராமரிப்பாளரின் மாதச் சம்பளத்துக்கு உபயகாரர் தேடுவது கடினமாயிராது.

இன்னொரு பயன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் கண்டி மாவட்டத்து மலைகள் சரிந்தபோது, மண்சரிவு எச்சரிக்கை வந்த வீடுகளிலிருந்து இரவோடிரவாக ஓடவேண்டியிருந்தது. நடக்கமுடியாத பிள்ளை எந்த லயத்தில் இருக்கிறது, அதற்கு என்ன மருந்து, யார் தூக்குவது என்று தெரிந்த ஓர் ஆள் ஒவ்வொரு பிரிவிலும் இருக்கவேண்டும். வாரந்தோறும் அந்தப் பிள்ளையைப் பார்க்கும் ஆயாவுக்கு அது தெரிந்திருக்கும். இடர் முகாமைத்துவத்துக்கென்று தனிப் பட்டியல் தயாரிக்கக் கூட்டம் வைக்கவேண்டியதில்லை.

மத்திய மாகாண சமூக சேவைத் திணைக்களத்திடமும் பெருந்தோட்ட நிதியத்திடமும் கேட்பது இவ்வளவுதான்: கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கத்தில் மூன்று மடுவங்களைத் தெரிவுசெய்யுங்கள்; ஒவ்வொன்றிலும் ஓர் அறையை ஒதுக்குங்கள்; வாரத்தில் நாலு நாள், ஒரு வருடம் நடத்திப் பாருங்கள். எத்தனை தாய்மார் செக்ரோலுக்குத் திரும்பினார்கள், எத்தனை மூத்த பெண்பிள்ளைகள் பாடசாலைக்குத் திரும்பினார்கள் என்று எண்ணி வெளியிடுங்கள். தோட்டத் தொழிற்சங்கங்கள் அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் நாட்கூலிக்குப் பக்கத்தில் இந்தக் கோரிக்கையையும் வைக்கவேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. மடுவத்தின் வயதெல்லையை மாற்ற ஒரு சுற்றறிக்கை போதும்.